இரண்டாம் வருஷத்து விறகு

மே 10, ஞாயிறு

முதல் பக்கத்தில் பெயர் எழுதுவது வழக்கம். ஆவுடையப்பன், ஓய்வு பெற்ற பஸ் டிக்கெட் பரிசோதகர், சங்கரன்கோவில். டூட்டி டைரி எழுதிய கை சும்மா இருக்காது.

வந்து சேர்ந்தேன். விமானம், ரயில், இன்னொரு ரயில், கடைசியாக ஒரு பஸ். அந்தப் பஸ்ஸில் கண்டக்டரே கிடையாது. சிலர் டிரைவரிடம் டிக்கெட் வாங்கினார்கள், சிலர் ஏதோ அட்டையைக் காட்டினார்கள், சிலர் ஒன்றையும் காட்டாமல் போய் உட்கார்ந்தார்கள். டிரைவர் தலையைத் திருப்பவில்லை. மலைமேல் இருக்கிற இந்த ஊர், ஹால்டன்ரோடா, வரும்வரை செக்கிங் என்று ஒருவர் ஏறவில்லை. இந்த ஊரை நான் அந்த நிமிஷமே நம்பவில்லை.

மருமகள் வடிவு பஸ் ஸ்டாப்பில் நின்றாள். மகன் கோமதிநாயகம் இந்த ஊரில் மாரடைப்பில் போய் இரண்டு வருஷம் ஆகிறது. அப்போது எனக்கு விசா கிடைக்கவில்லை. அதன் பிறகு அவளை இப்போதுதான் நேரில் பார்க்கிறேன். ரோட்டிலேயே காலில் விழுந்தாள்.

“மெலிஞ்சு போயிட்டியள மாமா” என்றாள்.

அவள் மெலியவில்லை. முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. அது எனக்கு என்னவோ போல இருந்தது.

ஊர் சின்னது. மரச்சட்டம் வெளியே தெரிகிற வீடுகள். கூரையெல்லாம் கருப்புச் சிலேட்டு, ஒன்றாம் வகுப்பில் நாம் எழுதினோமே அதே கல். ஹார்ட்ஸ் மலை என்றதும் குற்றாலம் மாதிரி நினைத்துக்கொண்டு வந்தேன். பாதி மலையில் மரங்கள் சாம்பல் நிறத்தில் செத்து நிற்கின்றன. வண்டு தின்றுவிட்டதாம்.

பெட்டியைத் திறந்து சுண்டவத்தல், இட்லிப்பொடி, முறுக்கு எல்லாம் எடுத்துக் கொடுத்தேன். என் சம்சாரம் கனகம் வெள்ளைத் துணியில் சுற்றி நாலு பக்கமும் சிவப்பு நூலால் தைத்த ஒரு பொட்டலமும் இருந்தது. ‘வடிவு கையில குடுங்க, நீங்க பிரிக்கப்பிடாது’ என்று சொல்லி அனுப்பியிருந்தாள். வடிவு அதை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

“என்னம்மா அது?”

“அத்தை பழைய சேலை அனுப்பிருக்காவ மாமா. குளிருக்குப் போத்திக்கிட.”

பழைய சேலைக்கு எதற்கு இத்தனை தையல்? கனகத்துக்கு எதையாவது தைத்துக்கொண்டே இருக்க வேண்டும், அது தெருவுக்கே தெரியும்.

செருப்பு வைக்கிற அடுக்கில் ஆண்பிள்ளை பூட்ஸ் ஒரு ஜோடி. அவுகளோடதுதான் என்றாள். கோமதிக்கு எட்டாம் நம்பர் கால். இது தோணி மாதிரி இருக்கிறது. ஒட்டியிருந்த சேறும் இன்னும் காயவில்லை.

மே 11, திங்கள்

எதற்கு வந்தேன் என்பதை எழுதி வைக்கிறேன். மகன் சமாதியைப் பார்க்க என்று விசா வாங்கினேன். அது பாதிதான். வடிவைக் கையோடு கூட்டிக்கொண்டு போக வந்திருக்கிறேன். முப்பத்திரண்டு வயசு, பிள்ளை குட்டி இல்லை, இந்த மலையில் தனியாக என்னத்துக்கு? அணைத் தண்ணீரைச் சோதிக்கிற லேபில் வேலை. தண்ணீர் நம் ஊரிலும் இருக்கிறது. கோமதியின் அறை போட்டது போட்டபடி இருக்கிறது, வந்து இருக்கட்டும். அவளும் கைவிட்டுப் போனால் எங்களுக்கு என் மகனைப் பற்றிப் பேசக்கூட ஆள் இல்லை.

கனகத்திடம் இதைச் சொன்னபோது அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். “போய்ப் பாத்துட்டு வாங்க. அவள அதட்டாதிய” என்றாள். சரி என்றுதான் அர்த்தம்.

சாயங்காலம் சமாதிக்குப் போனோம். சர்ச்சுக்குப் பின்னால் சரிவில் இருக்கிறது. இங்கே அஸ்தியை வீட்டில் வைக்கவும் விடமாட்டார்களாம், ஆற்றில் கரைக்கவும் விடமாட்டார்களாம். புதைத்தே ஆக வேண்டும். இடமும் இருபது வருஷத்துக்குத்தான், அப்புறம் சீசன் பாஸ் மாதிரி புதுப்பிக்க வேண்டும். ஒவ்வொரு சமாதியும் ஒரு சின்னத் தோட்டம். பூவாளிகளைச் சங்கிலி போட்டுப் பூட்டி வரிசையாகத் தொங்கவிட்டிருக்கிறார்கள். இத்தனை நல்லவர்கள் இருக்கிற ஊரில் பூவாளிக்கு எதற்குப் பூட்டு என்று யோசித்துக்கொண்டே போனேன்.

சிலேட்டுக் கல்லில் தமிழிலேயே ‘கோமதிநாயகம்’ என்று வெட்டியிருந்தது. யார் வெட்டியது என்று கேட்டேன்.

“இங்க ஒருத்தர், மாமா.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. மேலே கேட்கவில்லை. ஆனால் ஒன்று பார்த்தேன். நாங்கள் தண்ணீர் ஊற்றும் முன்பே மண் ஈரமாக இருந்தது. மழை பெய்யவில்லை.

மே 13, புதன்

பூட்ஸைக் காணோம்.

மே 15, வெள்ளி

கீழ்வீட்டில் வீஸ்னர் அம்மாள் இருக்கிறாள். வீட்டுக்காரி. எழுபது வயது இருக்கும், நடை மட்டும் பதினெட்டு. எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் அவளுக்குத் தெரியாது, அவள் பாஷை எனக்குத் தெரியாது. அவள் கைப்பேசியில் ஏதோ சொல்வாள். அது வானொலிச் செய்தி மாதிரி தமிழில் படிக்கும். ‘ஐயா, தாங்கள் நன்றாக உறங்கினீர்களா?’ உறங்கினேன் என்பேன். அதை அது அவளுக்குப் படிக்கும். போலீஸ் ஸ்டேஷனில் வாக்குமூலம் கொடுக்கிற மாதிரி இருக்கிறது.

காலையில் அவள் ஒரு கைவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். நான் ஜன்னலில் நின்றேன். வண்டி நிறையப் பீங்கான் தட்டு. விளிம்பு போனது, கீறல் விட்டது, காது இல்லாத கோப்பை. தெருக்கோடி பேக்கரிக்காரி ஓடிவந்து இன்னும் நாலு தட்டு வைத்தாள். இரண்டு பேரும் குசுகுசுவென்று பேசிச் சிரித்தார்கள். அம்மாள் மேலே பார்த்தாள், என்னைக் கண்டாள், ஒரு சாக்கை எடுத்து வண்டியின் மேல் போட்டாள். நான் எத்தனை பஸ்ஸில் ஏறியிருக்கிறேன்! என்னைக் கண்டதும் துண்டை உதறி மடியில் போடுகிறவன் நிச்சயம் டிக்கெட் எடுக்காத வித்தவுட்.

வடிவிடம் கேட்டேன். “பழசு பட்டையெல்லாம் சேத்துப் போடுவாங்க மாமா” என்றாள். கழிக்கிற சாமானைச் சாக்குப் போட்டு மூடுவார்களா?

மே 17, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை இங்கே ஆணி அடிக்கக் கூடாது. பாட்டிலைக் குப்பைத் தொட்டியில் போடக்கூடாது, சத்தம் கேட்குமாம். சும்மா நடக்கலாம். நடந்தேன். எதிரே வருகிற ஒவ்வொருவரும் வணக்கம் சொல்கிறார்கள். கறுப்புக் கோட்டுப் போட்ட ஒரு கிழவர் தொப்பியைத் தூக்கிவிட்டு என் கையைப் பிடித்து ஏதோ சொன்னார். அதில் கோமதி என்ற பெயர் இருந்தது. ஊர் முழுக்க என்னை யார் என்று தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும் ஒருத்தரையும் தெரியவில்லை.

கனகம் போனில், “ஊரு எப்படி இருக்கு? ஆளுக எப்படி?” என்றாள். “எல்லாரும் எதையோ மறைக்காங்க” என்றேன். “கண்டுபிடிங்களேன், உங்களுக்கென்ன” என்று சொல்லி வைத்துவிட்டாள். ஊக்கம் கொடுக்கிறாள் என்று வைத்துக்கொண்டேன்.

மே 20, புதன்

கூரைமேல் ஒருத்தன் இருக்கிறான். செம்பட்டைத் தாடி, ஆள் பனைமரம். சிலேட்டு ஓடு வேய்கிறவன். திங்கட்கிழமை சர்ச் கூரையில் இருந்தான், நேற்று பேக்கரிக் கூரையில், இன்று தபால் ஆபீஸில். நான் போகிற தெருவில் எல்லாம் ஏதோ ஒரு கூரையில் இருக்கிறான். என்னைப் பார்த்ததும் சுத்தியல் நிற்கிறது. நான் திரும்பினதும் மறுபடி கேட்கிறது. காலில் அந்தத் தோணி பூட்ஸ்.

வடிவிடம் கேட்கவில்லை. முதலில் சீட்டு கேட்கிறவன் நல்ல செக்கர் இல்லை. முதலில் முகத்தைப் பார்க்க வேண்டும்.

சமாதி மண் இன்றும் ஈரம். புதிதாக மஞ்சள் பூச்செடி ஒன்று நட்டிருந்தது.

மே 25, திங்கள்

ஏதோ பண்டிகை, லீவு. வீஸ்னர் அம்மாள் என்னைப் பழைய வெள்ளிச் சுரங்கத்துக்குக் கூட்டிப் போனாள். இந்த ஊரே அந்தச் சுரங்கத்தால் உண்டானதுதானாம். மலைக்குள் குனிந்து போனோம். குளிர் எலும்பைத் தொட்டது. கூண்டில் குருவி கொண்டுபோவார்களாம், குருவி பாட்டை நிறுத்தினால் காற்று கெட்டுவிட்டது என்று அர்த்தம். நல்ல ஏற்பாடு. மனுஷனை நம்பாமல் குருவியை நம்பியிருக்கிறார்கள்.

வெளியே வந்ததும் ஒரு சுவரைக் காட்டினாள். அங்கே செத்தவர்களின் பெயர்கள். அவள் கைப்பேசி படித்ததை நினைவிலிருந்து எழுதுகிறேன்: ‘சுரங்கத்தில் இறந்தவரை எவர் தம் முதுகில் சுமந்து மேலே கொண்டுவருகிறாரோ, அவர் ஓராண்டு காலம் அந்த வீட்டிற்கு விறகு வெட்டிக் கொடுக்க வேண்டும். இது எங்கள் ஊர் முறை. சுரங்கம் மூடப்பட்டது. முறை மூடப்படவில்லை.’

நல்ல முறைதான் என்றேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வேறு ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்த மாதிரி இருந்தது. வரும் வழியில் அவள் எனக்கு ஒரு கேக் வாங்கிக் கொடுத்தாள்.

மே 26, செவ்வாய்

இன்று வீட்டுக்குப் பின்னால் துணி காயப்போடப் போனேன்.

சுவரோரம் விறகு அடுக்கியிருந்தது. இங்கே மே மாசத்திலும் ராத்திரி அடுப்பு எரிக்கிறார்கள், அதனால் விறகு இருப்பது அதிசயமில்லை. அடுக்கியிருந்த விதம்தான் அதிசயம். செங்கல் சுவர் மாதிரி ஒரு விரல் பிசகாமல் இருந்தது. வடிவு கோடாலி பிடித்து நான் பார்த்ததில்லை.

சாயங்காலம் கேட்டேன். “விறகு யாரும்மா வெட்டுதா?”

அடுப்பைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள். “ஹென்னிங், மாமா. கூரை வேய்வாரே, அவரு.”

“அவன் எதுக்கு நமக்கு விறகு வெட்டணும்?”

பால் பொங்கி வழிந்தது. அவள் அணைக்காமல் நின்றாள். நான்தான் அணைத்தேன். அப்போதுதான் சுரங்கத்துச் சுவரும் முதுகும் விறகும் என் மண்டையில் ஒன்றாக வந்து நின்றன.

இரண்டு வருஷமாக எங்களிடம் சொல்லியிருப்பது, கோமதி ஆஸ்பத்திரியில் போனான் என்று. கட்டிலில் கிடந்தவனை எவன் முதுகில் சுமப்பான்?

மே 28, வியாழன்

இரண்டு நாள் பொறுத்தேன். இன்று கேட்டேவிட்டேன். கனகம் அதட்டாதே என்றாள், அதனால் உட்கார்ந்துகொண்டு கேட்டேன்.

“கோமதி எங்க வச்சு செத்தான்?”

வடிவு கையைத் துடைத்துவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தாள். இதற்காகவே இரண்டு வருஷம் காத்திருந்தவள் போல நேராகச் சொன்னாள்.

“மேல சுரங்கக் குளத்துப் பக்கம் மாமா. ஞாயித்துக்கிழமை அவுகளும் அவுக கூட்டாளி ஹென்னிங்கும் நடக்கப் போனாவ. மார்ச்சு மாசம், பனி கெடந்துச்சு. நெஞ்சப் பிடிச்சிட்டு உக்காந்துட்டாவ. அங்கன போன் எடுக்காது. ஹென்னிங் முதுகுல போட்டுத் தூக்கிட்டு ரோடு வரைக்கும் எறங்குனாரு. ரோட்டுக்கு வரும்போது அவுக இல்ல.”

“எங்கள்ட்ட எதுக்கு ஆஸ்பத்திரின்னு சொன்ன?”

“கட்டில்ல, டாக்டர் பக்கத்துல போனாவன்னு கேட்டா அத்தைக்குக் கொஞ்சம் ஆறும்னு நெனச்சேன்.”

எனக்குக் கோபம் வரவில்லை. அப்புறம் வந்தது. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

மே 29, வெள்ளி

தூங்கவில்லை. காலையில் எழுந்ததும் விறகைப் போய்ப் பார்த்தேன். வெட்டின வாய் மஞ்சளாக இருக்கிறது, கையில் பிசின் ஒட்டுகிறது. போன மாசியில் வெட்டினது.

முறை ஒரு வருஷம். கோமதி போய் இரண்டு வருஷம் தாண்டிவிட்டது. முதல் வருஷத்து விறகு முறைக்காக. இரண்டாம் வருஷத்து விறகு யாருக்காக?

என் மகன் செத்த இடத்தில் கூட இருந்தவன் ஒரே ஆள். அந்த ஆளே இன்று அவன் வீட்டில் பூட்ஸைக் கழற்றி வைக்கிறான். ஒரே சாட்சி, அந்தச் சாட்சிக்கே லாபம். தப்பாக நினைக்கிறேனா? நினைத்துவிட்டேன், இனி அழிக்க முடியாது.

மே 31, ஞாயிறு

வடிவிடம் சொல்லாமல் விடிந்ததும் சமாதிக்குப் போனேன். அவன் இருந்தான். பூவாளியோடு முட்டி போட்டு உட்கார்ந்திருந்தான். என்னைக் கண்டதும் எழுந்தான். பனைமரம் நிமிர்ந்தது. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

“சாப்டாச்சா?” என்றான் தமிழில். காலை ஆறு மணிக்கு, சமாதியில். கோமதி சொல்லிக்கொடுத்ததாக இருக்கும். வணக்கம் என்று சொல்லிக்கொடுக்காமல் இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறான், என் மகன்.

நான் சிரிக்கவில்லை. அவன் கைப்பேசியை வாங்கி அதில் என் கேள்வியைச் சொன்னேன். அன்றைக்கு என்ன நடந்தது? நீ ஓடிப்போய் ஆளைக் கூட்டி வந்திருக்கலாமே, ஏன் தூக்கினாய்? கைப்பேசி என் கேள்வியைப் பவ்யமாகப் படித்தது. அவன் பதிலும் பவ்யமாகவே வந்தது: ‘அவரைத் தனியே பனியில் விட்டுச் செல்ல என்னால் இயலவில்லை. இது தவறாக இருக்கலாம். நான் இதைத் தினமும் யோசிக்கிறேன். மருத்துவர் வேறுபாடு இருந்திருக்காது என்றார். ஆயினும் யோசிக்கிறேன்.’

முகத்தைப் பார்த்தேன். எத்தனையோ ஆயிரம் முகம் பார்த்தவன் நான். பொய் சொல்கிறவன் கண் முதலில் வாசல்படியைப் பார்க்கும், எப்படி இறங்கலாம் என்று. இவன் பார்க்கவில்லை.

அப்புறம் அவன் கைப்பேசியைப் பையில் போட்டுவிட்டான். தொண்டையைச் செருமினான். பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னான்.

“மெள்ள நடலே. மெள்ள. மெள்ள நடலே.”

பின்பு தன் முதுகைத் தொட்டுக் காட்டினான், கல்லைக் காட்டினான், காதைக் காட்டினான். முதுகில் கிடந்தபடி என் மகன் அவன் காதில் சொன்ன கடைசி வார்த்தை அது. அர்த்தம் தெரியாமலே இரண்டு வருஷம் மனப்பாடமாக வைத்திருக்கிறான். வடிவிடம்கூடக் கேட்கவில்லை என்று பிற்பாடு கைப்பேசியில் சொன்னான். ‘தூக்காதே’ என்றோ ‘வலிக்கிறது’ என்றோ இருந்துவிட்டால் என்ன செய்வது என்று பயம்.

கோமதிக்கு ஐந்து வயசில் குற்றாலத்துப் பாசிப் பாறையில் ஓடும்போது நான் கத்தினது அது. வளர்ந்து பைக் எடுத்தபோதும், விமானம் ஏறின அன்றும் சொன்னேன். ‘லே’ என்று அவன் பெரிய ஆட்களைச் சொல்லமாட்டான். கூடப் பிறந்தவன் மாதிரி இருக்கிறவனைத்தான் சொல்வான்.

கைப்பேசியைத் திரும்ப வாங்கி அர்த்தத்தைச் சொன்னேன். அவசரப்படாதே, நீ விழுந்துவிடாதே, அவ்வளவுதான். அவனைத் திட்டவில்லை. அவன் விழுந்துவிடக் கூடாதே என்றுதான் சொல்லியிருக்கிறான்.

பனைமரம் மண்ணில் உட்கார்ந்து அழுதது. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். பூவாளியில் மிச்சம் இருந்த தண்ணீரை நான் ஊற்றினேன்.

ஜூன் 3, புதன்

ஒரு சந்தேகம் போய்விட்டது. இன்னொன்று போகவில்லை. விறகு இன்னும் அங்கேதான் இருக்கிறது.

இன்று வடிவிடம் கேட்டேன். “நம்ம ஊருக்கு வந்துரும்மா. டிக்கெட் போட்டுருவோம்.” அவள் என் தட்டில் சாதம் போட்டுக்கொண்டிருந்தாள். போட்டுக்கொண்டே இருந்தாள். மூன்று பேர் சாப்பிடுகிற சாதம். போதும் என்று நான் கையை நீட்டின பிறகுதான் நிறுத்தினாள். எனக்குப் புரிந்தது. புரியவில்லை என்று வைத்துக்கொண்டேன்.

ஜூன் 6, சனி

சீக்கிரமே ஊருக்குப் போய்விடலாம் என்று முடிவு செய்தேன். வடிவு கடைக்குப் போயிருந்தாள். பெட்டியை அவள் அறை பீரோவுக்கு மேல் வைத்திருந்தாள். எடுக்கும்போது பீரோக் கதவு திறந்துகொண்டது.

கனகத்தின் வெள்ளைத் துணி உள்ளே இருந்தது, சிவப்பு நூல் பிரித்து மடித்து வைத்திருந்தது. அதன் மேல் அரக்கு நிறத்தில் பட்டுப்புடவை. பழைய சேலை இல்லை. கடை மடிப்பு கலையாத கூறைப்புடவை. பக்கத்தில் ஒரு மஞ்சள் கயிறு.

கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். போன ஐப்பசியில் கனகம் கண் டாக்டரைப் பார்க்க என்று திருநெல்வேலி போனாள். போய் வந்தும் பழைய கண்ணாடிதான் போட்டிருந்தாள். நான் கேட்கவில்லை. உலகத்தில் எல்லாரையும் செக் பண்ணினேன், வீட்டில் இருந்தவளைப் பண்ணவில்லை. பிறத்தியார் பையையெல்லாம் குடைந்தவன், என் பெட்டியில் ஏறின வித்தவுட்டை இந்த மலைவரை நானே சுமந்துகொண்டு வந்திருக்கிறேன்.

கனகத்துக்குப் போன் போட்டேன். கத்தினேன். நம் பிள்ளையை அதற்குள் மறந்துவிட்டாயா என்று கேட்டேன். கேட்கக் கூடாததுதான், கேட்டேன். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது.

“எனக்கு அவன் ஒருத்தன்தான் பிள்ளையா? அவளும் பிள்ளதான். ஒரு பிள்ள போனதுக்கு இன்னொன்னையும் ரூம்ல வச்சுப் பூட்டுததா?”

“எங்கிட்ட சொல்லிருக்கலாம்ல?”

“அவ எங்கிட்ட சொன்னத ஒங்கள்ட்ட சொன்னா நம்ப மாட்டிய. எவனோ ஏமாத்துதாம்பிய. நீங்களாக் கண்டுபிடிச்சாத்தான் நம்புவிய. அதான் அவகிட்டயும், ‘நீ சொல்லாத, மாமாவே பாக்கட்டும்’னு சொன்னேன். இப்பச் சொல்லுங்க. ஆளு எப்படி?”

போனை வைத்துவிட்டேன். பெட்டியைத் திரும்ப பீரோ மேலேயே வைத்தேன்.

ஜூன் 7, ஞாயிறு

வடிவும் நானும் பேசிக்கொள்ளவில்லை. சாப்பாடு மட்டும் நேரத்துக்கு வந்தது.

ஜூன் 10, புதன்

வீஸ்னர் அம்மாள் மாடிக்கு வந்தாள். கைப்பேசியை மேஜைமேல் வைத்து, நேர்ந்துகொண்டவள் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு பேசினாள். வருகிற சனிக்கிழமை டவுன் ஆபீஸில் வடிவுக்கும் ஹென்னிங்குக்கும் கல்யாணப் பதிவு. நான் வருவேனா மாட்டேனா என்று யாரும் கேட்கப் போவதில்லையாம். அவள் கேட்க வந்தது வேறு.

கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம் பெண் வீட்டு வாசலில் ஊரே வந்து பீங்கான் தட்டு உடைக்குமாம். அழைக்க மாட்டார்கள், தெரிந்தவர்கள் தானாக வருவார்கள். உடைகிற சத்தத்தில் கெட்டது ஓடிப்போகும். கண்ணாடி மட்டும் உடைக்கக் கூடாது. உடைந்ததையெல்லாம் பெண்ணும் மாப்பிள்ளையும் சேர்ந்து பெருக்க வேண்டும். சேர்ந்து பெருக்குகிறவர்கள் சேர்ந்து வாழ்வார்கள் என்று கணக்கு.

சாக்குப் போட்டு மூடின வண்டி இதற்குத்தான்.

‘ஆனால் வடிவு வேண்டாம் என்கிறாள்’ என்றது கைப்பேசி. ‘உங்கள் நாட்டில் பானை உடைப்பது மரணத்திற்கு என்று கூறினாள். தன் மாமனார் இருக்கும் இல்லத்தில் ஒரு தட்டும் உடையலாகாது என்றாள். ஊரார் அதற்கு உடன்பட்டனர். தட்டுகள் என் கொட்டகையில் உள்ளன. நான் தங்களுக்குத் தெரிவிக்க மட்டுமே வந்தேன்.’

வடிவு சொன்னது சரிதான். நம் ஊரில் கொள்ளிக்குடம்தான் உடைப்பார்கள், மயானத்தில். கோமதிக்கு அது உடையவில்லை. இங்கே யாருக்கும் தெரியாது, எனக்கு விசா இல்லை. இரண்டு வருஷமாக அந்தக் குடம் உடையாமல் என் தோளிலேயே இருக்கிறது. அதனால்தான் வடிவையும் இறக்கிவிட மனசு வரவில்லையோ என்னவோ.

ஜூன் 12, வெள்ளி

சாயங்காலம் ஏழு மணிக்கும் இங்கே வெயில் அடிக்கிறது. ஊர்க்காரர்கள் வந்தார்கள். தட்டு இல்லாமல், வெறுங்கையோடு, சாவு வீட்டுக்கு வந்தவர்கள் போலத் தெருவில் நின்று மெதுவாகப் பேசிக்கொண்டார்கள். கறுப்புக் கோட்டுக் கிழவர், பேக்கரிக்காரி, தபால் ஆபீஸ்காரர். ஹென்னிங் வெள்ளைச் சட்டையில் ஓரமாக நின்றான். வடிவு எல்லாருக்கும் பழரசம் கொடுத்துக்கொண்டிருந்தாள். என் பக்கம் பார்க்கவில்லை.

நான் வீஸ்னர் அம்மாள் கொட்டகைக்குப் போய் அந்தக் கைவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தேன். கல்தரையில் சக்கரம் கடகடவென்றது. எல்லாரும் திரும்பினார்கள். சாக்கை உருவினேன். மேலே இருந்த தட்டு பெரியது, நீலப் பூப் போட்டது, ஓரத்தில் கீறல். எடுத்தேன்.

“மாமா, வேண்டாம்” என்றாள் வடிவு.

கோமதிக்கு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். கொள்ளிக்குடம் மாதிரி தோளுக்குப் பின்னால் போடவில்லை. முன்னாலேயே, வாசல் கல்லில் போட்டேன். ஒரு தட்டு அவ்வளவு சத்தம் போடும் என்று நான் நினைக்கவில்லை. அழுதேன், எல்லாரும் பார்க்க. வெட்கமாக இல்லை.

கண்ணைத் துடைத்துவிட்டு இரண்டாவது தட்டை எடுத்து வடிவைப் பார்த்தேன். “இது ஒனக்கு” என்று சொல்லி ஓங்கிப் போட்டேன். அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அவ்வளவுதான், ஊர் வண்டியின் மேல் பாய்ந்தது. கிழவர்தான் ரொம்ப மோசம், ஒரே மூச்சில் ஏழெட்டுப் போட்டார்.

ஹென்னிங் துடைப்பம் எடுத்தான், வடிவு முறம் பிடித்தாள். பெருக்கி முடிக்க முடிக்க பேக்கரிக்காரி அள்ளித் திரும்பக் கொட்டினாள், அதுவும் முறையாம். வடிவு சிரித்தாள். கோமதி இருந்தபோது சிரித்த சிரிப்பு அது, போனில் கேட்டிருக்கிறேன்.

கனகத்துக்கு வீடியோவில் காட்டினேன். “ஆளு எப்படின்னு அன்னைக்கே கேட்டேனே” என்றாள்.

“நல்லாப் பெருக்குதான்” என்றேன்.

கடைசியில் உடைசலையெல்லாம் ஒரு பெரிய தகரத் தொட்டியில் போட்டு ஹென்னிங் தன் முதுகில் ஏற்றிக்கொண்டான். குப்பை போடுகிற இடம் தெருவின் அடியில் இருக்கிறது, செங்குத்தான கல்படி. வேகமாக இறங்கினான், சந்தோஷத்தில் இருக்கிறவன் அப்படித்தான் இறங்குவான். படியில் பழரசம் கொட்டி ஈரமாக இருந்தது.

“மெள்ள நடலே!” என்று கத்தினேன்.

அவன் நின்றான். பாரத்தோடு அப்படியே திரும்பி என்னைப் பார்த்தான். பிறகு ஒவ்வொரு படியாக இறங்கிப் போனான்.